லாடாவின் செட்டு வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை

அன்று வீட்டில் இருந்தவர்கள்:

இக்லாஸ், வீட்டுக்காரி. மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

நக்லா, மகள். செல்போன் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை கடை கிடையாது.

ஹிஷாம், மகன். துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகித் தனியாக இருக்கிறான். இங்கே வந்தது அவன் மனைவிக்குத் தெரியாது.

பயூமி, டாக்ஸி ஓட்டுநர், இக்லாஸின் கணவர், பிள்ளைகள் இருவருக்கும் அப்பா. முதலில் இல்லை, தொழுகைக்குப் போயிருந்தார். பிறகு வந்தார்.

அப்புறம், அவருடைய டாக்ஸியில் இருந்த ஸ்டீரியோ செட்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அன்றைய சண்டை அதை வைத்துத்தான்.

போன வாரம் பயூமி தன் கறுப்பு மஞ்சள் லாடா டாக்ஸியை நடைபாதை மேல் ஏற்றி, கள்ளிப்பழம் விற்கிற தள்ளுவண்டியை உடைத்தார். பழக்காரன் தன் சின்ன மகளின் கையைப் பிடித்து இழுத்தான், அவள் பிழைத்தாள். பிரேக் பிடிக்கவில்லை என்றார் பயூமி. ஹிஷாம் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

குறை கண்ணில் இருந்தது. சர்க்கரை அவருடைய இடது கண்ணை முழுக்கத் தின்றுவிட்டது, வலது கண்ணில் பாதியைத் தின்றிருந்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை இக்லாஸ் பக்கத்தில் நின்று கேட்டாள். பயூமியும் கேட்டார். வெளியே வந்ததும், மருத்துவருக்கு வயதாகிவிட்டது என்றார்.

ஹிஷாம் வண்டிக்கு லுத்ஃபி என்று வேறொரு ஓட்டுநரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அப்போதுதான் பயூமி கூடத்தின் நடுவில் நின்று கத்தினார்.

"என் மேல தலாக்! அந்த செட்டு வண்டியில இருக்கிற வரைக்கும் வேற எவனும் ஸ்டீயரிங்குல கை வைக்கக் கூடாது!"

அவர்கள் இருக்கும் கர்மூஸ் பேட்டையில் ஆண்கள் இப்படி ஆணையிடுவது சிகரெட் பற்றவைப்பது மாதிரி. தக்காளி விலைக்கும் சொல்வார்கள், கால்பந்துக்கும் சொல்வார்கள். சொன்னது மீறப்பட்டால் மனைவி விலக்கப்பட்டவள். பெரும்பாலும் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் இக்லாஸ் விஷயத்தில் கணக்கு இருந்தது. பயூமி ஏற்கெனவே இரண்டு முறை நிஜமாகவே தலாக் சொல்லிவிட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டவர். ஒன்று அவர் அம்மா உயிரோடு இருந்த காலத்தில். இன்னொன்று இக்லாஸின் தம்பியோடு கைகலப்பு வந்தபோது. மூன்றாவதுக்குப் பிறகு திரும்பி வர வழி கிடையாது.

இக்லாஸ் மசூதி ஷேக்கிடம் போய்க் கேட்டாள்.

"அவர் மனசுல என்ன நினைச்சுச் சொன்னார்ங்கிறதைப் பொறுத்தது, உம்மு ஹிஷாம்" என்றார் அவர். ஹிஷாமின் அம்மா என்பதால் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர்.

"அவர் மனசை இத்தனை வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன், ஷேக்கே. அதை நம்பி நான் தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஒரு பக்கம் தெருவில் போகிறவர்களின் உயிர். இன்னொரு பக்கம் அவளுடைய கல்யாணம். வண்டியை வேறொருவனிடம் கொடுத்தால் கல்யாணம் போகும், கொடுக்காவிட்டால் உயிர் போகும். ஒரு வாரமாக வண்டி தெருவில் நின்றது. பயூமி தினமும் அதில் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். இன்றோ நாளையோ கிளப்பிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வழி கண்டுபிடித்தவள் நக்லா.

"வானம் இருக்கிற வரைக்கும்னு அவர் சொல்லல. செட்டு இருக்கிற வரைக்கும்னுதான் சொன்னார். வானத்தைத்தான் கழட்ட முடியாது. செட்டைக் கழட்டலாம்."

"கழட்டினா சும்மா விடுவாரா?"

"தூக்கிப் போட்டாத்தானே கோவம் வரும்? வீட்டுலயே பாட வச்சுடலாம். உக்காந்து கேக்கட்டும்."

இக்லாஸ் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மீன் வாங்கக் கிளம்பினாள். பயூமிக்குப் பிடித்த மல்லட் மீன்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைப்பு வந்ததும் பயூமி வெள்ளை கலாபியா அங்கியை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் முனை திரும்பியதும் ஹிஷாம் இறங்கினான்.

லாடாவின் கதவு பூட்டினாலும் தோளால் இடித்தால் திறக்கும். நக்லாவின் கொண்டை ஊசிகள் இரண்டை நிமிர்த்தி ஸ்டீரியோவின் இரு பக்கமும் விட்டு நெம்பினான். பின்சீட்டுக்கு மேலே இருந்த ஸ்பீக்கர்களை இறங்கியதும் முதலில் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி வைத்திருந்தான்.

எதிர் வீட்டு பால்கனியில் உம்மு அயாத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், அந்த நேரத்தில் தெருவில் அவள் கண் மட்டும்தான் காவல்.

"என்னடா ஹிஷாம், உங்க அப்பன் வண்டியில நீயே திருடறியா?"

"வண்டியைக் கழுவறேன், அத்தை."

"ஸ்க்ரூ டிரைவர் வச்சா கழுவறே?"

"உள்பக்கம் கழுவறேன்."

"நடக்கட்டும், நடக்கட்டும். நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு, இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் கொடியில் இருந்த போர்வையை ஒரு பக்கம் தள்ளினாள்.

ஸ்டீரியோ பாதி வந்து நின்றது. பின்னால் கம்பிகள் இழுத்துப் பிடித்தன. ஹிஷாம் இடுக்கியை விட்டு மொத்தமாக வெட்டினான்.

நக்லா சமையலறை மேசையில் பிளாஸ்டிக் விரிப்பைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். செட்டின் பின்பக்கத்தைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டா வெட்டினே? பின்னாடி கம்பியெல்லாம் சேர்ற ஒரு கட்டை இருக்குமே, அதை அழுத்தி இழுத்தா முழுசா வந்திருக்கும்."

"வரல."

"நீ இழுக்கல."

"மேல உம்மு அயாத் கேமரா மாதிரி நிக்கறா. நான் அங்க உக்காந்து கொஞ்சிட்டா இருக்க முடியும்?"

"அந்தப் பக்கம் எண்ணெய் தெறிக்குது, தள்ளி வச்சுக்கோங்க" என்றாள் இக்லாஸ் அடுப்பிலிருந்து.

நக்லா கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நுனியைப் பல்லால் சீவினாள்.

"கறுப்பு, மைனஸ். மஞ்சள், எப்பவும் பேட்டரியோட இருக்கிறது. வண்டியை அணைச்சாலும் இதுல கரண்டு இருக்கும். செட்டு மணியையும் ஸ்டேஷனையும் ஞாபகம் வச்சிருக்கிறது இதாலதான். சிவப்பு, சாவி திருப்பினாத்தான் உயிர் வரும்."

"வீட்டுல சாவி ஏது?"

"அதான் மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கப் போறேன். ரெண்டும் பிளஸுக்கு."

"பிளஸ் எங்கேருந்து வரும்?"

நக்லா கூடத்துக்குப் போனாள். அலமாரி மேல் இருந்த வைஃபை பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதன் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

"ஏய்! இன்னிக்கு மேட்சு இருக்குடி!"

"காபி கடையில போய்ப் பாரு. இங்கயா பாக்கப் போறே? இது பன்னெண்டு வோல்ட்டு. வண்டியும் பன்னெண்டு வோல்ட்டு."

"அப்ப சரியாப் போச்சு."

"சரியாப் போகல. வண்டி பேட்டரி குடம் குடமா ஊத்தும். இது கரண்டியில ஊத்தும். ஒரு ஆம்பியர்தான். மெதுவாப் பாடினா தாங்கும். பாதிக்கு மேல திருகினா செத்துடும். நாளைக்குக் கடையிலேருந்து கேமராவுக்குப் போடற பெரிய அடாப்டர் எடுத்துட்டு வரேன். இன்னிக்கு ஒரு நாள் இதுல ஓட்டணும்."

டெஸ்டரை வைத்து எது பிளஸ் என்று பார்த்துக்கொண்டாள். முறுக்கினாள். டேப் சுற்றினாள். ஹிஷாம் ஸ்பீக்கர் கம்பிகளை எடுத்து, மைனஸ் இரண்டையும் செட்டின் தகர உடம்பில் சேர்க்கப் போனான்.

"எங்க கொண்டு போறே?"

"லாடாவுல இப்படித்தானே? எல்லா மைனஸும் பாடியில."

"அது பழைய செட்டுக்கு. இதுல அப்படிக் கட்டினா உள்ள எரிஞ்சு புகை வரும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அது அது ஜோடி. பச்சைக்குப் பச்சை, வெள்ளைக்கு வெள்ளை. கையை எடு."

அடாப்டரைச் சுவரில் செருகினாள். செட்டின் உள்ளே எங்கோ ஒரு சின்ன சொடுக்குச் சத்தம். அவ்வளவுதான். வெளிச்சம் இல்லை, பாட்டு இல்லை.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தார்கள். செட்டுக்கு முன்பக்கமே இல்லை. பொத்தான்களும் திரையும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளமும், அதில் வரிசையாகத் தங்க நிறப் பற்களும் இருந்தன.

"மூஞ்சி எங்க?" என்றான் ஹிஷாம்.

இக்லாஸ் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

"உங்க அப்பா பையில."

அதை மறந்துபோனது பெரிய தப்பு. இந்தத் தெருவில் பிறந்தவர்கள் மட்டும்தான் அப்படி மறப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. திருட்டுக்குப் பயந்து ஓட்டுநர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் செட்டின் முகத்தைக் கழற்றிக் கலாபியாவின் நெஞ்சுப் பையில் போட்டுக்கொள்வார்கள். பயூமி ஹிஷாமின் கல்யாணப் படத்தில்கூட நெஞ்சில் அந்தச் சதுரத்தோடுதான் நிற்கிறார்.

"தொழும்போதுமா?" என்றாள் நக்லா.

"போன நோன்புல சஜ்தாவுல குனிஞ்சப்ப கீழ விழுந்து, பக்கத்துல இருந்தவர் எடுத்துக் குடுத்தாராம். இப்ப என்ன பண்ணப் போறீங்க, என்ஜினியரம்மா?" என்றாள் இக்லாஸ்.

"அவர்கிட்டயே கேக்கறது."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பயூமி ஒரு கட்டு ஜர்ஜீர் கீரையோடு வந்தார். மீன் என்றால் அந்தக் கீரை இல்லாமல் அவருக்கு இறங்காது. "என்ன வாசனை, உம்மு ஹிஷாம்! முனையிலேயே ஆளை இழுக்குது" என்றபடி சமையலறைக்குள் வந்து, கீரைக்கட்டை மேசையில் வைத்தார்.

மேசையில் வைக்கவில்லை. செட்டின் மேல் வைத்தார். கட்டு சரிந்தது. அதைப் பிடிக்கப் போன கை தகரத்தில் பட்டது. விரல்கள் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டு போயின. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"யாரு கழட்டினது?"

"நான்" என்றான் ஹிஷாம்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் நக்லா.

"நான் கழட்டச் சொன்னேன். முதல்ல உக்காருங்க, ஆறிடும்" என்றாள் இக்லாஸ்.

பயூமி உட்காரவில்லை. பின்பக்கம் தொங்கிய கம்பிகளை விரலால் தடவினார்.

"எவன்டா இப்படி வெட்டினது? கசாப்புக்காரன்கூட மூட்டுப் பாத்துத்தான் வெட்டுவான்."

ஹிஷாம் தலையைக் குனிந்துகொண்டான். நக்லா இடையில் புகுந்தாள்.

"மூஞ்சியைக் குடுங்கப்பா. பாடுதான்னு பாப்போம்."

"பாடாது. இது வண்டிக் கரண்டுல ஓடறது. வீட்டுக் கரண்டைக் குடுத்தா வெந்துடும்."

"வீட்டுக் கரண்டை அப்படியே குடுக்கலப்பா. அதைக் குறைச்சுக் குடுக்கத்தான் இந்த அடாப்டர்."

"பாடாதுன்னு சொல்றேன்."

"பாடலேன்னா திருப்பி நானே மாட்டித் தரேன்."

அவருக்கு ஆத்திரம் வரத்தான் செய்தது. ஆனால் பாடுமா பாடாதா என்று பார்க்கும் ஆசை அதை முந்திக்கொண்டது. நெஞ்சுப் பையிலிருந்து முகத்தை எடுத்து, கலாபியாவில் துடைத்து, பள்ளத்தில் வைத்து அழுத்தினார். அந்த வேலைக்கு அவருக்குக் கண் தேவைப்படவில்லை. டக்கென்று உட்கார்ந்தது.

பச்சை வெளிச்சம் எரிந்தது.

"அடி சக்கை!" என்றான் ஹிஷாம்.

பயூமி மூன்றாவது பொத்தானை அழுத்தினார். இரைச்சல். நான்காவதை அழுத்தினார். இரைச்சல்.

"என் ஸ்டேஷனெல்லாம் எங்க?"

"மஞ்சக் கம்பியை வெட்டினா மறந்துடும்பா. மறுபடி வச்சுக்கலாம்."

"எல்லாத்தையுமா மறக்கும்?"

"எல்லாத்தையும்."

அவர் கை கழுவப் போன நேரத்தில் நக்லா தேடிப் பிடித்தாள். பழைய பாட்டுகள் போடும் நிலையம். வண்டியில் அவர் எப்போதும் கேட்பது. அறிவிப்பாளனின் கரகரத்த குரல் வந்ததும் கூடத்திலிருந்தே "ஆங், இவன்தான், இவன்தான்!" என்று கத்தினார். நக்லா மணியைச் சரிசெய்யலாம் என்று ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையிலிருந்து நூற்றிரண்டு என்ற நிலைய எண் போய், மணி வந்து பன்னிரண்டு, சைபர் சைபர் என்று சிமிட்ட ஆரம்பித்தது. சரியான நேரத்தை வைப்பதற்குள் இக்லாஸ் தட்டுகளைக் கையில் திணித்தாள். நக்லா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"சத்தத்தை மட்டும் பாதிக்கு மேல வைக்காதீங்க, யாரும்" என்று எல்லோருக்கும் சொன்னாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மல்லட் மீன், பழுப்பு வெங்காயச் சோறு, எள் அரைத்த தஹினா, கீரை. பயூமி முள்ளை விரலால் தேடி எடுத்துச் சாப்பிட்டார். இடது கை மேசை விளிம்பில் தாளம் போட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "என்ஜின் சத்தம் இல்லாம கேக்கறப்ப, அந்தப் பின்னாடி வயலின் எல்லாம் கேக்குது. வண்டியில இது கேட்டதே இல்ல."

இக்லாஸ் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தாள். நக்லா மேசைக்கு அடியில் அண்ணன் காலை மிதித்தாள், இன்று எதையும் பேசாதே என்று. ஹிஷாமுக்கு மிதித்தது புரிந்தது, எதற்கு என்றுதான் புரியவில்லை. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துவிட்டான்.

"அப்பா, லுத்ஃபி நாளைக்குக் காலையில வரான்."

தாளம் நின்றது.

"எதுக்கு?"

"வண்டி எடுக்க."

பயூமி மென்றுகொண்டிருந்ததை மென்று முடித்தார்.

"செட்டு இப்ப வண்டியில இல்ல. அதானே?"

அவர் சிரித்தார். உண்மையான சிரிப்புதான் அது.

"இது யாரு மூளை? நக்லா மூளை. உன்னைச் செல்போன் கடையில விட்டது தப்பு, வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும். சரி, செட்டைக் கழட்டிட்டீங்க. சாவியைக் கழட்டலையே?"

பையிலிருந்து சாவியை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றினார்.

"கண்ணு, அபூ ஹிஷாம்" என்றாள் இக்லாஸ்.

"கண்ணுக்கு என்ன? இந்த ஊர்த் தெருவெல்லாம் எனக்குக் கையில இருக்கு. எந்தக் குழி எங்க இருக்குன்னு முனிசிபாலிட்டிக்கு நான் சொல்லிக் குடுப்பேன்."

"குழி அங்கேயே இருக்கும்ப்பா. குழந்தை அங்கேயே இருக்காது" என்றான் ஹிஷாம்.

"எனக்கு எல்லாம் தெரியுது."

"தெரியுதுன்னா, செட்டுல என்ன நம்பர் காட்டுது, சொல்லுங்க."

செட்டு அவர் தட்டுக்கு அருகில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். பயூமி அதன் பக்கம் முகத்தைத் திருப்பினார். கேலியாக உதட்டைப் பிதுக்கினார்.

"நூத்தி ரெண்டு. இதை எங்கிட்டக் கேக்கறான் பாரு. நூத்தி ரெண்டு, எவ்வளவு பெருசா எழுதியிருக்கு."

திரையில் பன்னிரண்டு, சைபர் சைபர் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெரிய பச்சை எழுத்து. அறையின் எந்த மூலையிலிருந்தும் தெரியும்.

பாட்டு முடிந்து அறிவிப்பாளன் ஏதோ பேசினான். நக்லா கையில் எடுத்த ரொட்டித் துண்டை வாயில் வைக்காமல் வைத்திருந்தாள்.

"என்ன?" என்றார் பயூமி. "நூத்தி ரெண்டு இல்லையா? ஸ்டேஷனை மாத்திட்டானா?"

ஹிஷாம் மேசைக்கு மேலே கையை நீட்டினான்.

"சாவியைக் குடுங்கப்பா."

அவருக்குப் புரிந்தது. திரையில் என்ன இருக்கிறது என்பது புரியவில்லை, தான் மாட்டிக்கொண்டது புரிந்தது. எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. முகம் கறுத்துப்போய், சாவி இருந்த கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"என் மேல தலாக்! மூணாவது, கடைசி! இந்தச் சாவி மட்டும்..."

இக்லாஸின் கை செட்டின் சத்தம் கூட்டும் திருகியில் இருந்தது. எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரே திருகில் கடைசி வரைக்கும் திருப்பினாள்.

அடுத்த பாட்டு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தபலாச் சத்தம் அறையை அறைந்தது. தட்டுகள் அதிர்ந்தன, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பயூமியின் வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, குரல் வரவில்லை.

பிறகு பட்டென்று எல்லாம் நின்றது. அடாப்டர் தாங்கவில்லை. பச்சை வெளிச்சமும் போனது.

அந்த அமைதியில் பயூமி வாயை மூடிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

சொல்லி முடித்துவிட்டு மூடினாரா, முடிக்காமல் மூடினாரா என்பது தெரியவில்லை. நக்லா அடாப்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இக்லாஸ் திருகியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லி முடிச்சீங்களா?" என்றாள் இக்லாஸ்.

"உனக்குக் கேக்கலையா?"

"எனக்குத் தபலாதான் கேட்டுது."

"கேக்கலேன்னா விட்டுடு."

"விட்டுடற விஷயமா இது? ஹிஷாம், நீதான் பக்கத்துல இருந்தே. உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லம்மா" என்றான் ஹிஷாம். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டான். கண் தட்டில் இருந்தது.

இக்லாஸ் அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டு பயூமியின் முன்னால் போய் நின்றாள். தூக்கிய கை இப்போது இறங்கியிருந்தது, மூடியிருந்தது. அவள் அதைப் பிடித்து, சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை.

"யோசிச்சுப் பண்ணு, உம்மு ஹிஷாம்" என்றார் தாழ்ந்த குரலில். "நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது. அந்தப் பழக்காரன் அவன் பொண்ணைப் பிடிச்சு இழுத்தானே, அது தெரியும். அவன் அன்னிக்குக் கை நீட்டலேன்னா நாம இன்னிக்கு மீன் சாப்பிட்டுட்டு இருப்போமா? நான் யோசிச்சாச்சு."

கடைசி விரலும் விலகியது. சாவி அவள் கைக்கு வந்தது. அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, என்னம்மா பண்ணிட்டே!" என்றாள் நக்லா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் இதெல்லாம் அவள் யோசனையில் ஆரம்பித்தது.

"சாவி அவர் கையை விட்டு வந்துடுச்சு. அவர் சொன்னது இதைத்தான்னா, இப்ப நான் அவருக்கு யாரும் இல்ல. இதைச் சொல்லலேன்னா, எப்பவும் போல. எதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

"நான் சொல்லட்டுமா?" என்றார் பயூமி.

"எங்கிட்டச் சொல்லாதீங்க. இப்ப நீங்க எது சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கும் வரும்."

ஃப்ரிஜ்ஜைத் திறந்து இன்சுலின் டப்பாவை எடுத்தாள். இரண்டு ரொட்டிக்குள் மீதி மீனை முள் பார்த்து எடுத்து வைத்துக் காகிதத்தில் சுற்றினாள். ஒரு பையில் அதையும் இதையும் போட்டு, மாற்றுக் கலாபியா ஒன்றையும் வைத்தாள். அவருடைய செருப்பை அவர் காலுக்கு நேராகக் கொண்டு வந்து போட்டாள்.

"எங்க அனுப்பறே என்னை? இது என் வீடு."

"உங்க வீடுதான். நான்தான் போகணும், நியாயப்படி. ஆனா எனக்குப் போக இடம் இல்ல, உங்களுக்கு அக்கா வீடு இருக்கு. நான் உங்களுக்குப் பொண்டாட்டியா இல்லையான்னு தெரியாம ஒரே கூரையில எப்படி இருக்கிறது? நாளைக்கு ஷேக்கைப் பாருங்க, உஸ்தா பயூமி. நீங்க சொன்னது என்னவோ, அதை ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம அவர்கிட்டச் சொல்லுங்க. அவர் எனக்குச் சொல்லி அனுப்பட்டும்."

தொழில்காரர் என்ற மரியாதைக்கு உஸ்தா என்று அவரைப் பயணிகள் கூப்பிடுவார்கள், மெக்கானிக் கூப்பிடுவான், சாலைப் போலீஸ்காரன்கூடக் கூப்பிடுவான். இக்லாஸ் கூப்பிட்டதில்லை. பயூமி அதைக் கவனித்தார். குனிந்து செருப்பை மாட்டினார்.

"செட்டை அணைச்சு வை" என்றார் நக்லாவிடம். "அந்த அடாப்டர் சூடாயிருக்கும்."

நக்லா சுவரிலிருந்து பிடுங்கினாள். சூடாகத்தான் இருந்தது.

ஹிஷாம் எழுந்தான். "நான் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு வழி தெரியும்."

"கூடப் போ" என்றாள் இக்லாஸ் மகனிடம். "கையைப் பிடிக்காதே, அவருக்குப் பிடிக்காது. ஒரு படி பின்னாடியே போ."

பயூமி சுவரைத் தொட்டுக்கொண்டு படியிறங்கினார். பின்னால் ஹிஷாம், கையில் பையோடு. முதல் திருப்பத்தில் பயூமி நின்று தலையைத் திருப்பாமல் மகனிடம், "உனக்குக் கேட்டுச்சுதானே?" என்றார். ஹிஷாம் மேலே அம்மாவைப் பார்த்தான்.

இக்லாஸ் அதற்கு மேல் நின்று பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள். கதவுச் சாவியைத் திருப்பிப் பூட்டினாள். மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.